காத்தாயி லோரியில் ஏற வேண்டுமா?

கதிர்,

நேற்று போனில் நீ சிரித்தாய். "பாத்தீங்களாம்மா, மாமா கட்சி மாறிட்டாரு. படம் ஓடுதுன்னு தெரிஞ்சதும் பயந்துட்டாரு லா" என்றாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் வந்ததுதான். ஆனால் போனில் உன்னிடம் எதையும் முழுதாகச் சொல்லி முடிக்க முடியாது. பாதியிலேயே "புரியுதும்மா" என்பாய். புரிந்துவிட்டது என்கிறவனிடம் மேற்கொண்டு என்ன சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீ நடுவில் புகுந்து பேச முடியாது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள். கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. தாய்மாமன் என்று உன் சேகர் மாமா பெயரைப் போட்டு அடித்த பத்திரிகைகள் சாமி அறையில் கட்டோடு கிடக்கின்றன. அப்பா இருந்திருந்தால் நான் இத்தனை பதறமாட்டேன். அப்பா இல்லாத வீட்டில் மணவறையில் உன் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆள் அவர். அவர் வரமாட்டேன் என்றார். நீ "வராட்டி போகட்டும்மா" என்றாய். ஒருவனுக்கு அக்கா, ஒருவனுக்கு அம்மா. நான் யார் பக்கம் நிற்பது?

ஒரு டிவி நாடகத்துக்காக ஒரு குடும்பம் இப்படி நிற்குமா என்று உன் வருங்கால மாமியார் சுங்கை சோவிலிருந்து போன் போட்டுக் கேட்டார். ஷாலினி சொல்லியிருப்பாள் போல. "அது நாடகம் மட்டும் இல்லைங்க சம்பந்தி" என்றேன். வேறு என்ன என்று அவருக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை.

"அஞ்சாம் லயம்" டிவியில் ஓடியபோது நீ பிறக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம். கதை என்ன பெரிய கதை? ஒரு ரப்பர் தோட்டம், அதில் வரிசை வீடுகளாக ஒரு லயம், அந்த லயத்தில் காத்தாயி என்று ஒரு பால்வெட்டுக்காரி. தோட்டத்தை விற்றுவிடுகிறார்கள். ஆட்களைக் காலி பண்ணச் சொல்கிறார்கள். காத்தாயி எல்லாரையும் திரட்டிக்கொண்டு மல்லுக்கு நிற்கிறாள். கடைசி வாரத்தில் தோற்றுப்போகிறாள். வீட்டைப் பூட்டிவிட்டு நடந்து வந்து லோரியில் ஏறுகிறாள். வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. லோரி போகிறது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் நம் தோட்டத்தில் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றபோது மண்டோர் பேர் கூப்பிடக் கூப்பிட, பாதிப் பேருக்கு பதில் சொல்லக் குரல் எழும்பவில்லை. அந்த மண்டோருக்கும் அப்படித்தான்.

உன் மாமா அதை விட்டுவிடவில்லை. யாரிடமோ கேட்டு வாங்கிய ரெக்கார்டரில் ஒவ்வொரு வாரமும் பதிவு பண்ணி வைத்திருந்தார். பள்ளி விடுமுறை வந்தால் நீ பத்தாங் காலியில் மாமா வீட்டில்தான் கிடப்பாய். ஒரு பிள்ளையும் இல்லாத வீட்டில் நீதான் பிள்ளை. மாமா டேப்பைப் போடுவார், நீ அவர் மடியில் உட்கார்ந்து பார்ப்பாய். காத்தாயி தோட்டத்து ஆபீஸ் கிராணியைத் திட்டுகிற வசனத்தை நீ குளியலறையில் நின்றுகொண்டு கத்த, மாமா வெளியே நின்று கிராணி மாதிரி பதில் சொல்வார். நீ படம் எடுக்கப் போனது எந்தக் காலேஜில் படித்ததாலும் இல்லை, அந்த மடியில் உட்கார்ந்ததால்தான். இதை நீயும் ஒரு பேட்டியில் சொன்னாய். அந்தப் பேட்டியை மாமா எனக்கு அனுப்பினார், அனுப்பிவிட்டு வந்து சேர்ந்ததா என்று போன் போட்டும் கேட்டார்.

அதையே உன் முதல் படமாக எடுக்கப் போகிறாய் என்று நீ சொன்ன அன்றைக்கு மாமா பட்ட சந்தோஷம் உனக்குத் தெரியும். அந்த நாடகத்துக்காக பேஸ்புக்கில் அவர் நடத்துகிற ரசிகர் பக்கத்தில் உன் போட்டோவைப் போட்டு "என் மருமகன்" என்று எழுதினார். டிரெய்லர் வருகிறவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. டிரெய்லரின் கடைசியில் காத்தாயி கதவை உள்ளேயிருந்து சாத்துகிறாள். வெளியே மண்வாரி எந்திரம் உறுமுகிறது. அவ்வளவுதான், சண்டை தீப்பிடித்துவிட்டது. மாமா உனக்குப் போன் போட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். "வேற ஒண்ணும் சொல்ல வேணாம் கதிரு. அவ ஏறுவாளா, மாட்டாளா? அத மட்டும் சொல்லு" என்றார். "படம் வந்ததும் பாருங்க மாமா" என்றாய். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏறமாட்டா, அக்கா" என்றார்.

அதன் பிறகு நான் எங்கே போனாலும் இதே பேச்சு. பெஸ்தாரி ஜெயா பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கீரை வாங்க நின்றால், கீரைக்காரம்மா "உங்க மவன் ஏன் அப்படிச் செஞ்சாரு?" என்று கேட்கிறாள். கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் முன்னாள் தோட்டத்து ஆள் ஒருவர் வழிமறிக்கிறார். என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவில் சமையல் குறிப்பும் பூஜை நேரமும் போய் காத்தாயி வந்து உட்கார்ந்துகொண்டாள். "காத்தாயி ஏறலன்னா நாம ஏறுனதுக்கு என்ன அர்த்தம்?" என்று ஒரு பெரியவர் குரல் பதிவு போட்டார். அவர் பேத்தியோ யாரோ கீழே, "ஏறி என்ன தாத்தா கிடைச்சுச்சு?" என்று எழுதினாள். அந்த இரண்டையும் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரண்டிலும் நியாயம் இருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற சண்டைதான் ஆபத்தானது, கதிர். யாரும் வெட்கப்பட்டு விலகமாட்டார்கள்.

கோல சிலாங்கூர் மண்டபத்தில் மாமாவின் ஆட்கள் கூட்டம் போட்டு உன்னைக் கூப்பிட்டபோது, போகாதே என்று சொல்ல நினைத்தேன். நீ வந்தாய். அதற்காக உன்மேல் எனக்கு மரியாதைதான். பயந்தவன் வரமாட்டான். ஆரம்பத்தில் பேச்சு நன்றாகத்தான் போனது. பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா எழுந்து, "தம்பி, நான் மீன் புடிக்கிற கம்பத்து ஊருக்கு வாக்கப்பட்டுப் போயும் அந்த நாடகத்த மறக்கல. எங்க காத்தாயிய எங்களுக்குக் குடுத்துரு. உனக்கு வேணும்னா வேற பேரு வச்சி வேற பொம்பளைய எடுத்துக்க" என்றார். சிரிப்பு எழுந்தது. நீயும் சிரித்தாய். பின்வரிசையில் இருந்த இளைஞர்களில் ஒருவன், "ஆன்ட்டி, காத்தாயி உங்களுக்கு மட்டும் சொந்தமா?" என்றான். அங்கேதான் சூடு ஏறியது. ஒருவர் பேச ஒருவர் கத்த, யாரோ நாற்காலியைத் தள்ளினார்கள். ஒரு பெரியவர் உன்னைப் பார்த்து விரலை நீட்டிக்கொண்டே முன்னால் வந்தார். நான் எழுந்து உன் பக்கம் வருவதற்குள் மாமா மைக்கை வாங்கிவிட்டார்.

அவர் கத்தவில்லை. அதை நீ மறந்துவிடாதே. "உள்ளயே உக்காந்திருந்தா என்ன ஆவும்னு உனக்குத் தெரியாது கதிரு. அத வீரம்னு காட்டாத" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நீ அவரிடமிருந்து மைக்கை வாங்கவில்லை, மைக்கே இல்லாமல் சொன்னாய். ஆனாலும் மண்டபம் முழுக்கக் கேட்டது. "தோத்துப் போறதப் பாத்து அழுவுறது உங்களுக்கெல்லாம் சொகமா இருக்கு மாமா. முப்பது வருஷமா டிவி முன்னால உக்காந்து அழுதீங்க. வேற என்ன செஞ்சீங்க?"

பின்வரிசையில் கைதட்டினார்கள். மாமா மைக்கை மேசைமேல் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்து கீச்சென்று கத்தியது. அவர் குனிந்து எடுக்கவில்லை. நடந்து வெளியே போய் காரில் ஏறிப் போய்விட்டார். அவருக்குப் பதில் இல்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். நீயும் நினைத்தாய். உன் முகத்தில் ஜெயித்தவன் முகம் இருந்தது. பெற்றவள் என்பதால் நான் அதை மறைத்துச் சொல்ல முடியாது. அன்று மாலையே அவர் தன் பேஸ்புக் பக்கத்தில், இந்தப் படத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்று எழுதினார். எனக்குப் போன் போட்டு, "கல்யாணத்துல என்ன எதிர்பாக்காதீங்க அக்கா" என்றார்.

அவருக்குப் பதில் இருந்தது, கதிர். சொல்லவில்லை. அது அவர் சொல்லக்கூடிய பதில் இல்லை. நான் சொல்கிறேன்.

நாடகம் முடிந்து சில வருஷம் கழித்து நம் தோட்டத்தையும் விற்றார்கள். பால்வெட்டின கித்தா மரங்களை அழித்துச் செம்பனை போட்டிருந்தார்கள், செம்பனையையும் அழித்து வீடு கட்டப் போவதாகச் சொன்னார்கள். கம்பெனி லோரி வந்து நின்றது. நானும் அப்பாவும் உன்னைத் தூக்கிக்கொண்டு முதல் லோரியிலேயே ஏறினோம். உனக்கு அப்போது நடக்கத் தெரியாது. தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உன் படத்தில் லோரியில் ஏறுகிறவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு ஏறுகிறார்கள். நான் குனியவில்லை. நீ இடுப்பிலிருந்து நழுவிவிடக் கூடாதே என்று உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பக்கத்தில் வந்து எடுத்திருந்தால் உனக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும். இது ஒன்றுதான் உன் படத்தைப் பற்றி நான் சொல்கிற குறை.

மாமா ஏறவில்லை. லெட்சுமி அத்தைக்கு அப்போது ஏழு மாதம். இன்னும் சில குடும்பங்களோடு அவர்கள் இரண்டு பேரும் லயத்திலேயே இருந்துவிட்டார்கள். கரண்டு இல்லை. குட்டையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து காய்ச்சிக் குடித்தார்கள். அப்பா சனிக்கிழமைதோறும் அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய்க் கொடுப்பார். "வந்துருங்க" என்று ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவார், வரமாட்டார்கள். பிறகு எந்திரங்கள் வந்தன. லயத்துக்குப் போகிற மண்சாலையைக் குறுக்கே வெட்டிப் போட்டார்கள். மழைக்காலம் வேறு. ஒரு பகல் பொழுதில் அடைமழையில் அத்தைக்கு வலி எடுத்துவிட்டது. நாள் ஆகவில்லை. மாமா ஓடிப்போய்ப் பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர் ஒருவரிடம் வேன் கேட்டார். அந்த நல்ல மனிதர் உடனே கிளம்பினார். ஆனால் வெட்டிய இடத்துக்கு மேல் வேன் வர முடியவில்லை. இரண்டு பேருமாக அத்தையைப் பலகையில் தூக்கிக்கொண்டு அந்தச் சேற்றைக் கடந்தார்கள். கிளினிக் போய்ச் சேருமுன் வேனிலேயே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. அழவில்லை.

கோயிலுக்குப் பின்னால் புதைத்தார்கள். இப்போது அங்கே கோயில் இல்லை. தாமான் என்று புதுக் குடியிருப்பு வந்து, தார் ரோடு போட்டு, எந்த இடம் என்று கண்டுபிடிக்க முடியாது. மாமா அந்தத் தாமான் பக்கமே கார் ஓட்டமாட்டார், சுற்றிக்கொண்டுதான் போவார். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. மாமா டேப்பைப் போடுவார், கடைசி வாரம் வந்ததும் காத்தாயி லோரியில் ஏறுவாள், அவர் அழுவார். நீ மடியில் இருந்து அண்ணாந்து பார்த்து, "மாமா, காத்தாயி தோத்துட்டாளா?" என்று கேட்பாய். அவள் தோற்றதற்கு அவர் அழவில்லை. ஏறினாளே என்று அழுதார். அவள் ஏறினாள், நாம் ஏறவில்லையே என்று அழுதார். அப்படிப்பட்டவரிடம்தான் நீ அத்தனை பேர் முன்னால், வேற என்ன செஞ்சீங்க என்று கேட்டாய்.

உனக்குத் தெரியாது. தெரியாமல் கேட்டாய் என்று அவரிடம் நான் சொன்னேன். கூட்டம் முடிந்த அடுத்த வாரம் பத்தாங் காலிக்குப் போனேன். வெற்றிலை பாக்கு எடுத்துப் போகவில்லை, வெறும் கையோடுதான் போனேன். "தெரியாமத்தானே கேட்டான் சேகர், சின்னப் பையன்" என்றேன். "கல்யாணம் பண்ணப் போறவன் சின்னப் பையனா அக்கா?" என்றார். "அவன்கிட்ட நான் சொல்லட்டுமா?" என்றேன். "சொன்னா பரிதாபப்பட்டு வருவான். பரிதாபப்பட்டு வரவேணாம்" என்றார். அத்தை டீ ஊற்றி வைத்துவிட்டு சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போதும் போல ஒரு வார்த்தை பேசவில்லை. அவளைப் பற்றி நானும் அப்படியே பழகிவிட்டேன், பேசாதவள் என்று. மாமா டேப்பைப் போட்டாலே அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். பார்க்கத் தாங்காமல் போகிறாள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

நான் கிளம்பச் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து, "அண்ணி, வெள்ளிக்கிழமை நீங்க படத்துக்குப் போவீங்கதானே? நானும் வரேன்" என்றாள். மாமா திரும்பிப் பார்த்தார். "நீ எதுக்கு? அது உனக்கு ஆகாது" என்றார். "எனக்கு ஆகுமா ஆகாதான்னு நான் பாத்துக்கறேன். நீங்க வந்தா வாங்க" என்றாள். அந்த வீட்டில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அவர் வந்தார். அவர்தான் கார் ஓட்டினார். பத்தாங் காலியிலிருந்து மூன்று பேரும் ரவாங் தியேட்டருக்குப் போனோம். வாசலில் அவர் பேஸ்புக் பக்கத்தைப் படிக்கிற பையன் ஒருவன் அடையாளம் கண்டுபிடித்து, "அங்கிள், எங்களப் பாக்காதன்னு சொல்லிட்டு நீங்க வந்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனைத் தூக்கிப் படம் எடுத்தான். மாமா முகத்தை மறைக்கவில்லை. டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

படத்தை நான் பாதிதான் பார்த்தேன், மீதி நேரம் அவர்கள் இரண்டு பேரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் காத்தாயி கதவைச் சாத்திவிட்டுப் பாயை விரித்து உட்கார்ந்து, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்கிற இடத்தில் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை திருப்பவில்லை. கண் கொட்டாமல் பார்த்தாள். எந்திரச் சத்தம் வந்து, திரை கறுத்து, விளக்கு போட்டு, எல்லாரும் எழுந்து போன பிறகும் உட்கார்ந்திருந்தாள்.

காரில் ஏறியதும் மாமா சாவியைத் திருகவில்லை. "இதத்தான் சொன்னேன். உள்ள உக்கார வச்சிக் கொன்னுட்டான்" என்றார். அப்போதுதான் அத்தை பேசினாள். முன்சீட்டில் இருந்தவள், அவரைப் பார்க்காமல், கண்ணாடிக்கு வெளியே கார்கள் நிற்பதைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அவள் சொன்னதை எனக்கு ஞாபகம் இருக்கிறபடியே எழுதுகிறேன்.

"யாரும் உக்கார வைக்கல. அவளா உக்காந்தா. நானும் அப்படித்தான் உக்காந்தேன். நீங்க கேட்டீங்க, ஞாபகம் இருக்கா? அண்ணனும் அண்ணியும் ஏறுன அன்னிக்கு, 'நாமளும் போயிடலாமா லெட்சுமி'ன்னு கேட்டீங்க. நான்தான் மாட்டேன்னேன். எங்கம்மா செத்தது அந்த வீட்டுல, நான் பொறந்தது அந்த வீட்டுல, ஏன் போவணும்னு கேட்டேன். அத எல்லாரும் மறந்துட்டீங்க. சேகர் பொண்டாட்டிய வச்சிக்கிட்டு முரண்டு பண்ணான், புள்ள போச்சுன்னுதான் ஊரு பேசிச்சு. ஊரு பேசுனத நீங்களும் நம்பிட்டீங்க. நீங்க டேப்பு போட்டு அழுவும்போதெல்லாம் எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? நான் ஒரு மூட்டை மாதிரி. லோரில ஏத்தாம விட்டுட்ட மூட்டை."

மாமா, "லெட்சுமி" என்றார்.

"புள்ளைக்காக அழாத நாளு இல்ல. ஆனா உக்காந்தேன் பாருங்க, அதுக்கு ஒரு நாளும் அழல. காத்தாயி ஏறணும், ஏறணும்னு ஊரக் கூட்டிச் சண்ட போடுறீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவள் கேட்டது அவரை மட்டும் இல்லை, பின்சீட்டில் இருந்த என்னையும்தான். மாமா, "எனக்கு இந்த முடிவு பிடிக்கல லெட்சுமி. இப்பவும் பிடிக்கல" என்றார். "பிடிக்க வேணாம். பிடிக்கலன்னு எழுதுங்க. பாக்காதன்னு எழுதாதீங்க" என்றாள் அத்தை. பிறகு, "வண்டிய எடுங்க, வெயிலு ஏறுது" என்றாள்.

மறுநாள் காலையில் அவர் எழுதியதைத்தான் நீ பார்த்தாய். "படம் பார்த்தேன். முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் போய்ப் பாருங்கள்." இதைத்தான் கட்சி மாறினார் என்று சிரித்தாய். அதற்குக் கீழே அவர் ஆட்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தாயா? மருமகனிடம் காசு வாங்கிவிட்டான் என்று ஒருவன். தியேட்டர் வாசலில் எடுத்த படத்தைப் போட்டுத் துரோகி என்று ஒருவன். இத்தனை வருஷம் அவரை அண்ணன், அங்கிள் என்று கூப்பிட்டவர்கள். அவர் ஒன்றையும் அழிக்கவில்லை, ஒன்றுக்கும் பதில் எழுதவும் இல்லை. "திட்டட்டும் அக்கா, எனக்கு அது சரிதான்" என்கிறார். பயந்தவன் செய்கிற காரியமா இது, சொல்?

இதையெல்லாம் உனக்கு எழுதலாமா என்று அத்தையைத்தான் கேட்டேன், மாமாவைக் கேட்கவில்லை. "எழுதுங்க. அவன் தெரிஞ்சிக்கட்டும். ஆனா நான் பாவம்னு எழுதாதீங்க" என்றாள். அதனால் திரும்பப் படித்துப் பார்த்து, ஓரிடத்தில் அப்படி எழுதியிருந்ததை அடித்துவிட்டேன்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். படத்துக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்காதே. அது உன் வேலை, உனக்குத் தோன்றியதை எடுத்தாய், அதற்கு நெஞ்சை நிமிர்த்தி நில். மண்டபத்தில் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் கேள். மாமாவிடம் கேட்கும்போது தோட்டத்தில் நடந்ததைத் தெரிந்துகொண்டவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாதே. தெரியாமல் இருந்தாலும் அது சொல்லக் கூடாத வார்த்தைதான், அதனால் தெரியாதவனாகவே கேள். ஒருவர் எதற்கோ முப்பது வருஷம் அழுகிறார் என்றால் அந்த அழுகைக்கு அவரிடம் கணக்குக் கேட்கிற உரிமை நமக்குக் கிடையாது. படிப்பும் அந்த உரிமையைக் கொடுக்காது, கைதட்டலும் கொடுக்காது.

இன்னொன்று. ஷாலினியோடு வாழப் போகிறாய். அவள் ஒரு முடிவு எடுத்து அது நல்லதாக முடிந்தால் நான்தான் எடுக்க வைத்தேன் என்று சொல்லிக்கொள்ளாதே. கெட்டதாக முடிந்தால் எல்லாம் என் தப்பு என்று தலையில் அடித்துக்கொள்ளாதே. கேட்க இரண்டாவது நல்லதாகத்தான் இருக்கும், அன்பு மாதிரிகூடத் தெரியும். ஆனால் மாமா அதைத்தான் செய்தார். நல்ல மனிதர், அத்தையைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டவர், ஒரு நாள் கை ஓங்காதவர். அப்படியும் அவள் எடுத்த முடிவை அவளிடமிருந்து பிடுங்கித் தன் பாவமாக ஆக்கிக்கொண்டார். அதைத் திரும்ப வாங்க அவளுக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. நானும் அப்பாவும்கூட ஒருவர் சொல்லை ஒருவர் முழுதாகக் கேட்டவர்கள் இல்லை. அதனால் எல்லாம் தெரிந்தவளாக இதைச் சொல்லவில்லை. காருக்குள் உட்கார்ந்து கேட்டவளாகச் சொல்கிறேன்.

படம் பார்த்த அன்று அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது, கல்யாணத்துக்கு வருவீர்களா என்று கேட்டேன். மாமா தரையைப் பார்த்தார். அத்தை, "அவன் வந்து கூப்புடட்டும் அண்ணி" என்றாள். மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. ஷாலினியையும் கூட்டிக்கொண்டு வா. பழம், வெற்றிலை, பத்திரிகை எல்லாம் நான் தட்டில் அடுக்கி வைக்கிறேன், மூன்று பேருமாகப் போவோம். மாமா வாசலுக்கு வந்து நிற்பார். தட்டைத் தாய்மாமன் கையில் கொடுப்பதுதான் முறை. நீ அவரைக் கும்பிட்டுவிட்டு, உள்ளே போய் அத்தை கையில் கொடு. முறை தெரியாத பையன் என்று யாராவது சொன்னால், அம்மாதான் சொன்னாள் என்று சொல்.

அம்மா